இடம் அப்படியே, கிளிக் பாதி: நிலாவெளி விடுதி ஒன்றின் தேடல் அனுபவம், 2023–2025

பின்னணி

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே போனால் உப்புவெளி, சாம்பல்தீவு தாண்டி ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் நிலாவெளி. அங்கே கடற்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு குடும்பம் நடத்தும் சிறிய விடுதியைப் பற்றியது இந்த ஆய்வு. பத்துக்கும் குறைந்த அறைகள். கணவர் படகு, வாகன ஒழுங்குகளைப் பார்க்கிறார். மனைவி கையில் சமையலறையும் கணக்கும். வட்ஸ்அப், ஃபேஸ்புக், இணையத்தளம் எல்லாம் மகளின் பொறுப்பு. தளத்தைப் பராமரிப்பவன் நான். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களையும் விடுதியையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

விடுதிக்கு ஆட்கள் மூன்று வழிகளில் வருகிறார்கள். பெரிய முற்பதிவுத் தளங்கள் ஒன்று. அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் கொமிஷன் போகும். ஏற்கெனவே வந்து போனவர்கள் சொல்லி வருவது இன்னொன்று. மூன்றாவது சொந்த இணையத்தளம். அதன் வழியாக வரும் பதிவில் கொமிஷன் இல்லை என்பதால், எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் குடும்பத்துக்கு அதுதான் இனிப்பான வருமானம். கூகுளில் ஒரு மாற்றம் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் பதற்றம் வருவதற்குக் காரணமும் அதுவே.

தளத்தில் மூன்று வகைப் பக்கங்கள் இருந்தன. அறை, விலை, படங்கள் கொண்ட ஆங்கிலப் பக்கங்கள் ஒரு வகை. அடுத்தவை, சுற்றுலாப் பயணிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஆங்கிலத் தகவல் பக்கங்கள்: புறாமலைத் தீவுக்கு எப்படிப் போவது, திமிங்கிலம் பார்க்க எந்த மாதம் நல்லது, கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில், கன்னியா வெந்நீரூற்று. மூன்றாவதாகச் சில தமிழ்ப் பக்கங்கள். சிவராத்திரி, ஆடி அமாவாசை நாட்களில் கோணேசர் கோயிலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் குடும்பத்தோடு வருபவர்களுக்காக எழுதியவை அவை.

கொரோனாவால் விடுதி பூட்டிக் கிடந்த 2020இல், தகவல் பக்கங்களில் கேள்வி-பதில் ஸ்கீமா சேர்த்தோம். பக்கத்தில் உள்ளது கேள்வியும் பதிலும்தான் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு அது. 2019இல் கூகுள் அந்த வசதியைக் கொண்டுவந்திருந்தது. குறியீடு இருந்தால் தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே கேள்விகள் வரிசையாக நிற்கும். தொட்டால் பதில் விரியும். போன் திரையில் எங்கள் ஒரு முடிவே பாதித் திரையைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது இடத்தில் இருந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும். சும்மா கிடைத்த சலுகை அது என்று அப்போது வீட்டில் யாரும் நினைக்கவில்லை. தளம் நன்றாக இருக்கிறது என்றே நினைத்தார்கள்.

2023 ஓகஸ்ட்: கண்டது என்ன

ஓகஸ்ட் நடுப்பகுதி, கிழக்குக் கரையில் பருவத்தின் உச்சம். அறைகள் நிறைந்திருந்தன. தளத்திலிருந்து வரும் வட்ஸ்அப் விசாரிப்புகள் மட்டும் குறைந்துவிட்டதை மகள் கவனித்தார். தேடலில் ஒரு தளம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை கிளிக் வந்தது என்பதைத் தள உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சேர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தால் கிளிக் கோடு மெல்லச் சரியவில்லை. படி இறங்கியதுபோல ஒரே வாரத்தில் கீழே போய், அந்த மட்டத்திலேயே நின்றுவிட்டது.

"கூகுளில நாங்கள் இல்லாமப் போயிட்டமோ தம்பி?" என்று மகளின் அம்மா போனில் கேட்டார். மகள் தன் போனில் தேடிப் பார்த்து, "இல்லை, மேலதான் நிக்குது" என்றார். இரண்டு பேச்சுக்கும் பெரிய மதிப்பில்லை. நிலாவெளியில் நின்றுகொண்டு, தன் தளத்தை அடிக்கடி திறக்கும் போனில் தேடினால், இலண்டனில் இருப்பவருக்குத் தெரியும் முடிவு கிடைக்காது. ஆகவே யாரும் எதையும் மாற்ற வேண்டாம், முதலில் கணக்கைப் பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டேன்.

காரணத்தைத் தேடியது

நான்கு சந்தேகங்கள் இருந்தன: தளத்தில் கோளாறு, பருவ மாற்றம், தேடலில் நம் இடம் இறங்கியது, அல்லது தேடல் பக்கமே வேறு மாதிரி ஆனது.

கோளாறை விலக்குவது இலகு. பக்கங்கள் எல்லாம் கூகுளின் தேடல் பட்டியலில் இருந்தன, போனில் சரியாகத் திறந்தன, விதிமீறலுக்காகக் கூகுள் ஊழியர் தளத்தின்மீது நடவடிக்கை எடுத்ததாக எந்த அறிவிப்பும் இல்லை. சில படங்கள் பெரிதாக இருந்து முகப்பு மெதுவாகத் திறந்தது உண்மை. ஆனால் அது நெடுநாள் குறை. ஒரே வாரத்தில் விழுந்ததற்கு அது காரணமாகாது.

பருவம்தான் எங்களைச் சுற்றவைத்தது. கிழக்கில் பருவம் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதியோடு அடங்கும். அதன்பிறகு வாடைக் காற்றும் மழையும், கடல் கொந்தளிப்பும். அதனால் ஒரு மாதத்தை முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் தவறான பதில் வரும். போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதுதான் வழக்கமான அறிவுரை. ஆனால் போன வருடம் 2022. பெற்றோல் வரிசையும் கியூ.ஆர். பங்கீடும் மின்வெட்டும் நிறைந்த வருடம். அந்த ஆண்டு முழுவதும் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 7.2 இலட்சம். 2023இல் அது இரு மடங்கைத் தாண்டி 14.9 இலட்சத்துக்கு அருகே போனது. ஆக 2022 ஓகஸ்டோடு ஒப்பிட்டால் எங்கள் கிளிக் கூடியிருப்பதாகக் காட்டியது! அதைப் பார்த்துவிட்டு அப்பா, "கூடியிருக்குத்தானே, பிறகு என்ன பிரச்சினை?" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. அளவுகோல்தான் பிழை. அதற்கு முந்தைய நல்ல ஆண்டுகளைப் பார்க்கவும் வழியில்லை. சேர்ச் கன்சோல் 16 மாதத் தரவை மட்டுமே வைத்திருக்கும். 2023 ஓகஸ்டிலிருந்து பின்னுக்கு எண்ணினால் 2022 ஏப்ரலோடு முடிகிறது. நெருக்கடிப் பருவத்தைத் தவிர வேறு எந்தப் பருவமும் கையில் இல்லை.

அதனால் ஆண்டு ஒப்பீட்டைக் கைவிட்டோம். விழுந்த நாளுக்கு முன்னும் பின்னும் நான்கு நான்கு வாரங்களை எடுத்து, ஒவ்வொரு தேடற்சொல்லுக்கும் இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் வைத்தோம்: தேடல் முடிவில் சராசரி இடம், காட்டப்பட்ட தடவைகளில் எத்தனை வீதம் கிளிக் ஆனது என்ற கிளிக் விகிதம். இரண்டு பகுதியும் பருவத்துக்குள்ளேயே வருவதால் பருவத்தின் பாதிப்பு குறைவு.

பதில் அங்கே தெளிவாகக் கிடந்தது. புறாமலை, திமிங்கிலம், இரவு ரயில் ஆகிய மூன்று பக்கங்களிலும் இடம் அசையவில்லை. காட்டப்பட்ட தடவைகளும் ஏறத்தாழ அதே அளவு. விகிதம் மட்டும் பாதிக்குக் கீழே போயிருந்தது. அறை, விலைப் பக்கங்களில் இடமும் விகிதமும் முன்போலவே இருந்தன. தமிழ்ப் பக்கங்களிலும் மாற்றமில்லை. கேள்வி-பதில் குறியீடு போட்ட பக்கங்கள் மட்டும் விழுந்திருந்தன, போடாதவை விழவில்லை. யாரும் திட்டமிடாமலே ஒரு ஒப்பீட்டுக் குழு கிடைத்துவிட்டது.

கடைசி உறுதி சேர்ச் கன்சோலின் தேடல் தோற்றம் என்ற வடிகட்டியில் கிடைத்தது. கேள்வி-பதில் முடிவுகளுக்கான கோடு அந்த வாரத்தில் தரைமட்டத்துக்கு வந்திருந்தது. கூகுள் 2023 ஓகஸ்ட் 8ஆம் திகதி வெளிப்படையாகவே அறிவித்திருந்தது: கேள்வி-பதில் விரிவு முடிவுகள் இனி நன்கு அறியப்பட்ட, அதிகாரபூர்வமான அரச, சுகாதாரத் தளங்களுக்கே காட்டப்படும். இதைத் தரவரிசை மாற்றமாகக் கொள்ள வேண்டாம் என்றும், குறியீட்டைக் கழற்ற வேண்டிய தேவையில்லை என்றும் அதே அறிவிப்பில் இருந்தது.

போனவர்கள் யார்?

கிளிக் போனது தெரிந்துவிட்டது. விடுதிக்கு அது எவ்வளவு நட்டம் என்பது வேறு கேள்வி. தளத்தின் வட்ஸ்அப் பொத்தானை அழுத்தினால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்பது செய்தியின் முதல் வரியில் தானாக விழும்படி முன்பே செய்திருந்தோம். மகள் பழைய உரையாடல்களைப் பின்னோக்கி வாசித்துப் பிரித்துத் தந்தார். சலிப்பான வேலை, ஆனால் இந்த முழு நிகழ்விலும் அதைவிடப் பயனுள்ள வேலை எதுவும் நடக்கவில்லை.

தகவல் பக்கங்களிலிருந்து வந்த செய்திகளில் பெரும்பாலானவை "தீவுக்கு டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டுப் பதிலோடு போய்விட்டவை. புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. அனுமதிச் சீட்டு வனஜீவராசிகள் திணைக்களத்தின் கரையோரக் கருமபீடத்தில் எடுக்க வேண்டும். படகுக் கூலி தனி, வெளிநாட்டவருக்கும் உள்நாட்டவருக்கும் கட்டணம் வேறு. இந்தக் குழப்பத்தால்தான் கேள்விகள் வந்தன. கேட்டவர்களில் பலர் உப்புவெளியிலோ நகரத்திலோ ஏற்கெனவே அறை எடுத்தவர்கள். அறைப் பதிவுகளில் பெரும்பகுதி அறைப் பக்கங்களிலிருந்து வந்திருந்தது. தகவல் பக்கத்தை வாசித்துவிட்டு அறைப் பக்கத்துக்குப் போய்ப் பதிவு செய்தவர்களும் இருந்தார்கள், ஆனால் சிறு தொகை. ஆக நட்டம் இருந்தது. கோடு காட்டிய அளவுக்கு இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

இதற்கிடையில் கனடாவிலிருந்த உறவினர் ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல மனசு. அவருக்குத் தெரிந்த நிறுவனம் ஒன்று இரண்டு சேவைகளைப் பொதியாகத் தருவதாகச் சொன்னது. வெளித்தளங்களிலிருந்து இணைப்புகள் வாங்கித் தருவது ஒன்று. திருகோணமலை மாவட்டத்தின் ஒவ்வொரு ஊருக்கும் செயற்கை அறிவு எழுதிய கட்டுரைகளை நூற்றுக்கணக்கில் ஏற்றுவது மற்றது. விலை குறைவு என்பதால் அப்பா சம்மதிக்கும் நிலையில் இருந்தார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: விழுந்தது நமது இடமில்லை. இடத்தைத் தூக்கும் மருந்தைக் குடித்தால் இல்லாத நோய்க்குக் குடித்ததாகும். மேலும் குச்சவெளிக்கும் மூதூருக்கும் போகாமலே எழுதிய கட்டுரையை வாசித்துவிட்டு ஒருவர் விடுதிக்கு வந்தால், வாசலில் நின்று பதில் சொல்லப்போவது அம்மாதான். பருவம் முடியும் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று தீர்மானமாயிற்று. பின்னர் 2024 மார்ச்சில் கூகுள் தன் குப்பை உள்ளடக்கக் கொள்கைகளை இறுக்கி, தேடலை ஏமாற்றுவதற்காகத் தொகையாக உற்பத்தி செய்யும் பக்கங்களை வெளிப்படையாகக் குற்றமாக்கியது. நாங்கள் மறுத்தபோது அது நடக்கும் என்று தெரிந்து மறுக்கவில்லை. காரணம் வேறாக இருந்தது.

தலைப்புகளையும் விவரிப்புகளையும் தொடவில்லை. இடம் நிலைத்திருக்கும்போது தலைப்பை மாற்றினால், அடுத்து வரும் ஏற்ற இறக்கம் எதனால் என்று பிரித்தறிய முடியாமற் போகும். குறியீட்டையும் விட்டுவைத்தோம், அதனால் கெடுதி இல்லை. பக்கத்தில் இருந்த கேள்வி-பதில்களும் அப்படியே இருந்தன. அவற்றை வாசிப்பது மனிதர்கள்தானே.

மாற்றியது இரண்டு இடங்களில். முதலாவது, தகவல் பக்கங்களின் உள்ளே. எந்த வழிகாட்டிக் கட்டுரையிலும் கிடைக்கும் வரிகளைக் குறைத்தோம். நிலாவெளியில் இருப்பவருக்கு மட்டும் தெரிந்ததைச் சேர்த்தோம்: கச்சான் காற்று ஓங்கும் நாட்களில் படகுக்காரர்கள் எத்தனை மணிக்குக் கிளம்பச் சொல்கிறார்கள், படகை எப்படிப் பங்கிட்டுக்கொள்ளலாம், வார இறுதியில் கருமபீடத்தில் கூட்டம் எப்போது, சிறு பிள்ளைகளோடு போனால் எந்தப் பக்கம் இறங்குவது நல்லது. கடல் கலங்கிய நாளில் மகள் காலையிலேயே அதைப் பக்கத்தின் தலையில் ஒரு வரியாகப் போட்டுவிடுவார். ஒவ்வொரு தகவல் பக்கத்தின் நடுவிலும் அறைப் பக்கத்துக்கு ஒரு வழி வைத்தோம். முன்பு அது அடியில், யாரும் இறங்காத ஆழத்தில் இருந்தது.

இரண்டாவது, கூகுள் வரைபடத்திலும் தேடலிலும் விடுதியின் முகவரி, தொலைபேசி, படங்களைக் காட்டும் கூகுள் வணிக விவரப் பக்கம். வரைபடத்தில் விடுதியின் குறி வீதியின் மறுபக்கம் விழுந்திருந்தது. இரவு ரயிலில் வந்து அதிகாலையில் ஆட்டோ பிடித்தவர்கள் பக்கத்து வளவு வாசலில் இறங்கி நின்ற கதைகள் உண்டு. குறியைத் திருத்தினோம். வகை, தொலைபேசி, வாடைக்காலத்தில் மூடும் நாட்கள், அறைகளின் புதிய படங்கள், விருந்தினர் கருத்துகளுக்குப் பதில் எல்லாம் ஒழுங்காயின. உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. தூரத்தை மாற்ற முடியாது. மற்ற இரண்டிலும் வேலை செய்ய இடமிருந்தது.

2024 முதற்பாதி: படகுக்காரரின் முகவரி

விடுதிக்கு வழக்கமாகப் படகு விடுபவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தனி இணையத்தளம் இல்லை. வணிக விவரப் பக்கத்திலிருந்து கூகுள் இலவசமாகத் தந்த ஒற்றைப் பக்கத் தளம் மட்டும் இருந்தது. அந்த முகவரியைப் பெயர்ப்பலகையிலும் விசிற்றிங் காட்டிலும் அச்சிட்டிருந்தார்.

அந்தச் சேவையை கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்தியது. ஜூன் 10 வரை பழைய முகவரிக்குப் போனவர்கள் வணிக விவரப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதன்பிறகு அதுவும் இல்லை. அறிவிப்பு மின்னஞ்சலில் வந்திருக்க வேண்டும். மின்னஞ்சல் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மே மாதத்தில் மகள் தற்செயலாக அவரது இணைப்பைத் தொட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது.

அவசரத்துக்கு விடுதியின் தளத்திலேயே அவருக்கு ஒரு பக்கம் போட்டு, விவரப் பக்கத்தின் இணைப்பை அங்கே மாற்றினோம். பலகையில் முகவரியை அழித்துத் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதச் சொன்னோம். ஜூலை 31உடன் விவரப் பக்கத்தின் அரட்டை வசதியும் நின்றது. அதற்குள் அவர் ஆட்களை வட்ஸ்அப்புக்கு மாற்றிவிட்டதால் அது பெரிதாகத் தெரியவில்லை. இலவசமாகத் தந்த வாடகை வீட்டில் பெயர்ப்பலகை அடித்தால் நடப்பது இதுதான் என்று அப்பா சொன்னது சரியாகவே பட்டது.

தொகுத்துத் தரும் விடைகள்

தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை அறிவு பல தளங்களிலிருந்து தொகுத்து எழுதும் பதில், ஏஐ ஓவர்வியூ. கூகுள் இந்தத் தொகுப்பு விடையை 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கியது. ஓகஸ்டில் பிரித்தானியா, இந்தியா உள்ளிட்ட சில நாடுகளுக்கும், ஒக்டோபர் இறுதியில் நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கும் விரித்தது. ஜேர்மனிக்கு 2025 மார்ச்சில்தான் வந்தது. பிரான்சுக்கு அப்போதும் வரவில்லை.

இந்தப் படிப்படியான வருகை எங்களுக்கு உதவியது. நிலாவெளிக்கு வருபவர்களில் பிரித்தானியர், ஜேர்மானியர், பிரெஞ்சுக்காரர் மூன்று தரப்பும் உண்டு. நாட்டு வடிகட்டியைப் போட்டு, ஆங்கிலத்தில் திமிங்கிலப் பருவத்தைத் தேடிய சொற்களை மட்டும் பார்த்தோம். பிரித்தானியாவிலிருந்து வந்த கிளிக் விகிதம் 2024 பருவத்தின் பின்பகுதியில் இறங்கியது. ஜேர்மனியில் அப்போது இறங்கவில்லை. அடுத்த வசந்தத்தில் இறங்கியது. பிரான்ஸ் பழையபடி. இதை ஆதாரம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு சிறு விடுதித் தளத்தை நாடு வாரியாகப் பிரித்தால் கையில் நிற்கும் எண்ணிக்கை சொற்பம், நாலு பேர் கூடிக் குறைந்தாலே விகிதம் ஆடும். தொகுப்பு விடையில் காட்டப்பட்டதைச் சேர்ச் கன்சோல் அப்போது தனியாகப் பிரித்துக் காட்டவும் இல்லை. வழக்கமான இணையத் தேடலோடு சேர்த்தே எண்ணியது. ஆனாலும் மூன்று நாடுகளும் மூன்று நேரத்தில் நடந்துகொண்ட விதம், அறிமுகத் திகதிகளோடு பொருந்தியது.

தொகுப்பு விடையிலிருந்து தளத்தை மறைத்துவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. எந்த இயந்திரம் தளத்தை வாசிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில், கூகுளின் செயற்கை அறிவு மாதிரிகளுக்கான கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயரைத் தடுக்கச் சொன்னார் கனடா உறவினர். அந்தத் தடை தேடலையோ அதிலுள்ள தொகுப்பு விடையையோ பாதிப்பதில்லை. உண்மையில் வேலை செய்யக்கூடியது துணுக்கு காட்டாதே என்ற நோஸ்னிப்பெட் கட்டளை. ஆனால் அதைப் போட்டால் சாதாரண முடிவிலும் தலைப்புக்குக் கீழே ஒரு வரிகூட வராது. பெயர் தெரியாத ஒரு விடுதிக்கு அது தற்கொலை. செய்தித்தாள் நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம். அவர்கள் விற்பது எழுத்து. எங்கள் குடும்பம் விற்பது அறை. பதிலை எங்கே வாசித்தாலும் படுக்க ஒரு கட்டில் வேண்டும்தானே.

எனவே மறைக்கவில்லை. மாறாகத் திமிங்கிலப் பக்கத்தின் முதல் பந்தியைத் திருத்தினோம். இலங்கையில் திமிங்கிலம் பார்க்க மார்கழி முதல் சித்திரை வரை நல்லது என்று பல பயண எழுத்துகள் பொதுவாகச் சொல்கின்றன. அது தெற்கே மிரிஸ்ஸவுக்குரிய காலம். திருகோணமலையில் நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் பார்க்கப் படகு போவது ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. மார்கழியில் வாடைக் காற்றுக்கு முன்னால் நின்று படகு கேட்டவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. இப்போது பக்கத்தின் முதல் வாக்கியமே இரண்டு கரைகளையும் மாதங்களோடு பிரித்துச் சொல்கிறது. அப்புறம்தான் விவரம். மனிதர் வாசித்தாலும் இயந்திரம் வாசித்தாலும் குழம்பாத வாக்கியம் தேவைப்பட்டது.

2025 செப்டெம்பர்: ஒரு பொய்ப் பயம்

அந்த மாத நடுவில் சேர்ச் கன்சோலில் தோற்றங்களின், அதாவது தேடலில் காட்டப்பட்ட தடவைகளின், எண்ணிக்கை திடீரென விழுந்தது. மகள் இம்முறை பதறவில்லை. கிளிக்கையும் இடத்தையும் தானே பார்த்துவிட்டுத்தான் அழைத்தார். கிளிக்கில் மாற்றமில்லை; சராசரி இடம் உயர்ந்திருந்தது. தோற்றம் குறைந்து இடம் உயர்வது விசித்திரமான சேர்க்கை. காரணம், ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் காட்டவைக்கத் தேடல் பக்க முகவரியின் இறுதியில் சேர்க்கும் குறிப்பு ஒன்றை கூகுள் அப்போது செயலிழக்கச் செய்திருந்தது. தரவரிசை அளக்கும் கருவிகள் அதைப் பயன்படுத்தி எழுபதாம் எண்பதாம் இடம் வரை அள்ளிக்கொண்டிருந்தன. அந்த இயந்திரங்களின் பார்வையும் எங்கள் தோற்றமாக எண்ணப்பட்டிருந்தது. அவை நின்றதும் ஆழத்து இடங்கள் கணக்கிலிருந்து போய்விட்டன. எதையும் செய்யவில்லை.

விளைவு

தளத்தின் மொத்தக் கிளிக் 2023 ஜூலை அளவுக்குத் திரும்பவில்லை. திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நேரடி அறைப் பதிவுகள் 2024, 2025 பருவங்களில் குறையவில்லை, சற்றுக் கூடின. ஆனால் அதைத் தளத்தின் வெற்றி என்று எழுத முடியாது. 2024இல் நாட்டுக்கு வந்த பயணிகளே 20.5 இலட்சத்தைத் தாண்டினார்கள். கூட்டம் கூடிய ஆண்டில் பதிவு கூடுவது பெரிய காரியமில்லை. முற்பதிவுத் தளங்கள் எடுக்கும் பங்கும் குறையவில்லை. குடும்பத்துக்கு அதில் மனக்குறை இன்னும் உண்டு.

உறுதியாகச் சொல்லக்கூடியவை சிறியவை. வணிக விவரப் பக்கத்திலிருந்து வரும் அழைப்புகளும் வழிகேட்டல்களும் விசாரிப்பில் முன்னைவிடப் பெரிய பங்கு வகிக்கின்றன. பக்கத்து வளவில் யாரும் இறங்குவதில்லை. டிக்கெட் விலை கேட்டு வரும் செய்திகள் குறைந்துவிட்டன. அம்மாவுக்கு அது நட்டமாகவே தெரியவில்லை. தமிழ்ப் பக்கங்களுக்குக் கிளிக் எப்போதுமே குறைவு. ஆனால் கிளிக் செய்தவர்களில் அழைத்துப் பேசுபவர் விகிதம் எல்லாப் பக்கங்களையும்விட அதிகம். ஒரு அழைப்பில் இரண்டு வான் நிறையக் குடும்பம் வரும். எல்லோரும் ஆங்கிலப் பக்கங்களைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தபோது இது கவனத்துக்கு வரவில்லை. இப்போது ஆடி அமாவாசைக்கு முன்பே அறை விவரத்தோடு அந்தப் பக்கம் புதுப்பிக்கப்படுகிறது.

அடுத்த முறை மாறவேண்டியவை

சேர்ச் கன்சோல் தரவை ஒவ்வொரு மாதமும் இறக்கி வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 16 மாத எல்லைக்குள் ஒரு கெட்ட பருவம் விழுந்தால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது என்பதை 2022 காட்டிவிட்டது. கூடவே ஒரு திகதிக் குறிப்பேடு: ஒரு பக்கம் தளத்தில் நாங்கள் செய்த மாற்றம், மறுபக்கம் தேடுபொறி அறிவித்த மாற்றம், இன்னொரு ஓரத்தில் ஊர் நிலவரம். பாதை மூடல், கடல் கொந்தளிப்பு, திருவிழா எல்லாம் அந்த ஓரத்தில் வரும். கோடு விழும்போது முதலில் திறப்பது அந்தக் கொப்பியைத்தான்.

மாத அறிக்கையின் முதல் வரியில் முன்பு கிளிக் எண்ணிக்கை இருந்தது. இப்போது விசாரிப்பும் பதிவும் இருக்கின்றன. கிளிக் மூன்றாவது வரிக்குப் போய்விட்டது. புதிதாக ஒரு விரிவு முடிவு வசதி வந்தால் சேர்ப்போம். ஆனால் அது கழன்ற நாளில் இந்தப் பக்கம் எதற்கு உதவும் என்ற கேள்விக்கு ஒரு வரிப் பதிலைச் சேர்க்கும்போதே எழுதி வைப்போம். பதில் எழுத வராத பக்கங்கள் சில இருந்தன, நீக்கிவிட்டோம்.

படகுக்காரர் சொந்தப் பெயரில் ஒரு முகவரி வாங்கிவிட்டார். புதுப்பிக்கும் திகதி மகளின் போனிலும் நினைவூட்டலாக இருக்கிறது.

முடிவாகாதது ஒன்று. கூகுள் 2021 முதல் விடுதி முடிவுகளில் இலவச முற்பதிவு இணைப்புகளுக்கு இடம் தருகிறது. முற்பதிவுத் தளங்களின் விலைக்குப் பக்கத்திலேயே விடுதியின் சொந்த விலையும் நிற்கும். அதற்கு விலையையும் காலி அறைகளையும் தொடர்ந்து அனுப்பும் ஒரு முற்பதிவு மென்பொருளையே பொதுவாகப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு மாதச் சந்தா. பத்து அறைகூட இல்லாத இடத்தில், ஆறு மாதம் மட்டும் ஓடும் பருவத்துக்குப் பன்னிரண்டு மாதச் சந்தா கட்டுப்படியாகுமா என்று அம்மா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். பருவத்துக்கு மட்டும் சந்தா எடுக்க விடும் மென்பொருள் ஒன்றைச் சித்திரைக்கு முன் சோதித்துப் பார்ப்பதாகப் பேச்சு.